படிக்கும் விரலில் ஒரு மரு

ஜூன் 9

அன்புள்ள பிழைதிருத்திக்கு,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் உன்னிடமிருந்து ஒரு புள்ளிகூட வரவில்லை. கோபம் என்றால் கோபம் என்றாவது குத்தி அனுப்பு, படித்துக்கொள்கிறேன். கல்யாணமான புதிதில் உனக்காகக் கற்றுக்கொண்ட பிரெயில் இது. பலகையில் தாளைச் செருகி, எழுத்தாணியைப் பிடித்து, வலமிருந்து இடமாகத் தலைகீழாக யோசித்து யோசித்துக் குத்துகிறேன். ஒரு பக்கம் முடிவதற்குள் டீ ஆறி, அதில் ஈ விழுந்து, ஈயும் எழுந்து போய்விடுகிறது.

இங்கே ஜன்னலைத் திறந்து வைத்தால் மேகம் அதன் பாட்டுக்கு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறது. போர்வை ஈரம், சட்டை ஈரம், தீக்குச்சி ஈரம். காலையில் மழைமானியைப் பார்க்கப் போகும்போது நீட்டிய கை எனக்கே தெரிவதில்லை. காலால் படியைத் தேடி, கையால் வேலியைத் தொட்டு நடக்கிறேன். நீ இருந்தால் இந்த மலையில் என்னைவிட வேகமாக நடப்பாய். கண் இருப்பவனுக்கு இங்கே ஒரு சலுகையும் இல்லை.

பேருந்து நிலையத்தில் நீ சொன்னது காதிலேயே இருக்கிறது. "போறவங்க போங்க. எனக்கு இங்க வேலை இருக்கு." நான் மட்டும் ஊர் சுற்றவா வந்தேன்? இரண்டு வருஷம் இந்த வானிலை நிலையத்தில் இருக்க வேண்டும் என்பது மேலே இருந்து வந்த உத்தரவு. என்னோடு வா என்றுதான் கேட்டேன். கேட்டதற்கு இவ்வளவு பெரிய மௌனமா?

ஒரு வரியாவது எழுது.

ஈரச் சட்டையோடு,
உன் வீட்டுக்காரன்


ஜூன் 20

மழை அளப்பவருக்கு,

உங்கள் மூன்று கடிதங்களும் வந்து சேர்ந்தன. ஒன்றையும் படிக்கவில்லை. கோபத்தால் அல்ல. கோபம் தனியாக இருக்கிறது, அதற்கு வேறொரு நாள் உட்காருகிறேன்.

என் இடது ஆள்காட்டி விரலின் நுனிச் சதையில், சரியாகப் படிக்கிற இடத்தில், ஒரு மரு வந்திருக்கிறது. நீங்கள் இங்கே இருக்கும்போதே சொரசொரப்பாக ஏதோ இருந்தது. நாள் முழுக்கத் தாளைத் தடவுகிறவளுக்குக் காய்ப்பு வராதா என்று விட்டுவிட்டேன். நீங்கள் போன பிறகு அது மிளகு அளவுக்கு வளர்ந்து, எழுத்துக்கும் எனக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. கையுறை மாட்டிக்கொண்டு மணலை எண்ணுவது போல இருக்கிறது. வேறு விரல் இல்லையா என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்திலிருந்து படித்தது இந்த ஒரு விரல்தான். வலது கை வரி தப்பாமல் பிடித்துக்கொடுக்கும், அவ்வளவே. அதைப் படிக்கச் சொன்னால் முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி திணறுகிறது. உங்கள் முதல் கடிதத்தில் 'ஜன்னல்' என்ற சொல்லை எடுப்பதற்குள் அதற்கு வேர்த்துவிட்டது.

எழுதுவதில் கஷ்டமில்லை. எழுதியதைத் தடவிப் பார்க்கத்தான் முடியாது. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். ஒரு நாளாவது அந்தச் சுகம் உங்களுக்குக் கிடைக்கட்டும்.

பிரெயில் அச்சகத்தில் மரு என்று சொன்ன அன்று மேசையைச் சுற்றி நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. நாற்காலிக் கால்கள்தான் பேசின. மேலாளர் என்னைப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தாள் அடுக்கும் மேசைக்குப் போகச் சொல்லிவிட்டார். நகராமல் இருந்தவர் பக்கத்து மேசைப் பிழைதிருத்துநர் ஒருவர்தான். நாம் செய்தி வாசிப்பாளர் என்று பெயர் வைத்தோமே, அவர். அவர் குரல் உங்களுக்குத் தெரியும், தண்ணீர் கேட்டால்கூட நாட்டு மக்களுக்கு அறிவிப்பது போல இருக்கும். உங்கள் கடிதங்களைப் படித்துச் சொல்கிறேன் என்றார். நம் சண்டையை அந்தக் குரலில் கேட்க எனக்குத் தெம்பில்லை. மூன்றும் தலையணைக்கு அடியில் இருக்கின்றன.

ஆனால் இனி வருவதை அவரிடம்தான் கொடுக்க வேண்டும். ஆகவே நாட்டு மக்கள் கேட்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள். அவசரத்துக்குத் தொலைபேசி இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். அதில் நாம் சண்டைதான் போடுவோம்.

அடுத்த வாரம் தோல் டாக்டரைப் பார்க்கிறேன்.

தாள் அடுக்குகிறவள்


ஜூலை 2

அன்புள்ள பிழைதிருத்திக்கு,

முதலில், இதை வாசிக்கும் ஐயாவுக்கு என் வணக்கம். மூச்சு விட்டு, மெதுவாக வாசிக்கவும்.

உன் கடிதம் வந்ததும் மழைமானிக்குப் பக்கத்திலேயே நின்று படித்தேன். கோபமில்லை, மருதான் என்று தெரிந்ததும் சிரித்துவிட்டேன். அப்புறம் உன் விரலை நினைத்ததும் சிரிப்பு போய்விட்டது. நீ என் முகத்தைத் தெரிந்துகொண்டதே அந்த விரலால்தான்.

இங்கே அரிசி மூட்டை சுமந்து வரும் குதிரைகளை மேய்ப்பவர் ஒருவர் இருக்கிறார். குதிரை வால் முடியை மருவில் இறுக்கிக் கட்டினால் வாடி விழுந்துவிடும் என்கிறார். ஒரு முடியை உறையில் வைத்திருக்கிறேன். சிவப்புக் குதிரையுடையது. நல்ல குணம்.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த விரல் செய்யும் வேலைக்காகத்தானே நீ அங்கே இருந்துவிட்டாய்? இப்போது விரலே ஓய்வு கேட்கிறது. தாள் அடுக்க யாராவது கிடைப்பார்கள். பேசாமல் புறப்பட்டு இங்கே வந்துவிடு. குளிருக்குப் போர்வை இருக்கிறது, பக்கத்தில் நான் இருக்கிறேன். இதுவும் நல்லதுக்குத்தான் என்று எனக்குப் படுகிறது.

எதிர்பார்த்துக்கொண்டு,
உன் வீட்டுக்காரன்


ஜூலை 15

மழை அளப்பவருக்கு,

உங்கள் கடிதம் சாப்பாட்டு வேளையில் வாசிக்கப்பட்டது. அவர் வணக்கத்தை ஏற்றுக்கொண்டார். குதிரையின் குணத்தைக்கூட நன்றாகவே அறிவித்தார். 'தாள் அடுக்க யாராவது கிடைப்பார்கள்' என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். மீதியை முணுமுணுவென்று முடித்தார். அவருக்கு அப்படி ஒரு சின்னக் குரல் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தாளை மடித்து என் கையில் கொடுத்து, "இத நான் வாசிக்கலன்னு வச்சுக்கங்கம்மா" என்றார்.

நீங்கள் சொன்னது சரிதான், தாள் அடுக்க யாராவது கிடைப்பார்கள். மழையைப் பார்க்கவும் கிடைப்பார்கள். நீங்கள் பார்க்காவிட்டாலும் மழை பெய்யும். நான் தடவிப் பார்க்காமல் விட்ட பிழையோ ஒரு பிள்ளையின் பாடப்புத்தகத்தில் போய் உட்காரும். அந்தப் பிள்ளை அதையே சரி என்று படிக்கும். என் விரல் கெட்டது உங்களுக்கு நல்லதாகப் பட்டிருக்கிறது. அதைப் படிக்க எனக்கு விரல் இல்லாமல் போனதும் ஒருவகையில் நல்லதுதான்.

குதிரை முடியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். டாக்டரிடம் சொன்னேன், சிரித்தார். அப்படி இறுக்கிக் கட்டினால் புண்ணாகிச் சீழ் பிடித்தாலும் பிடிக்கும், கட்டாதீர்கள் என்றார். நல்ல பெண்மணி. அவசரப்படாமல் பேசுகிறார். மருவுக்கு வேர் என்று ஒன்று கிடையாதாம். ஒரு வைரஸ், தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக நுழைந்து, மேல்தோலிலேயே தங்கி, தோலைத் தடிக்க வைக்கிறதாம். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றன என்றார். எந்த எழுத்து என்று கேட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நிஜமாகவே மறுபடி பார்த்துவிட்டு, "எழுத்தா ஒண்ணும் சேரலம்மா, கொட்டி வச்ச மாதிரி இருக்கு" என்றார். அடைத்துப்போன சின்னச் சின்ன ரத்தக் குழாய்களாம் அவை.

வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். போன வருஷம் உங்கள் கட்டைவிரலில் ஒன்று இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. நாம் இருவரும் ஒரே அரத்தில்தான் நகம் தேய்த்தோம். உங்கள் மேல் பழி போட நல்ல வாய்ப்பு என்று நினைத்தேன், டாக்டர் கெடுத்துவிட்டார். உள்ளே வந்து வெளியே தெரிய மாதக்கணக்கில் ஆகலாமாம். அரமாக இருக்கலாம், அச்சகத்துக் கதவுப்பிடியாக இருக்கலாம், யார் தந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார்.

வழி மூன்று. சும்மா விட்டால் தானாகவே போகலாம், ஆனால் ஒரு வருஷமோ இரண்டோ ஆகலாம். திரவ நைட்ரஜன் வைத்து உறைய வைத்தால் சீக்கிரம் போகலாம். ஆனால் வலிக்கும், கொப்புளம் வரும், விரல்நுனியில் நரம்பு அதிகம் என்பதால் கொஞ்ச காலம் மரத்துப்போகலாம். அபூர்வமாக மரத்தது திரும்பாமலும் போகலாம். மூன்றாவது, சாலிசிலிக் அமிலச் சொட்டு. தினமும் வெந்நீரில் ஊற வைத்து, மெதுவாகத் தேய்த்து, சொட்டு வைத்து, மூட வேண்டும். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

மேலாளர் உறைய வைத்துவிடுங்கள் என்கிறார். அறிவியல் புத்தகம் காத்திருக்கிறது, "ஒரு விரலுக்காக வகுப்பே காத்துக் கிடக்கணுமா?" என்றார். அது ஒரு விரல் அல்ல என்று அவரிடம் எப்படிச் சொல்வது? யோசிக்கிறேன்.

நேற்று ஒரு கனவு. ஒரு நீண்ட சுவர். அதன் மேல் எல்லாமே எழுதியிருக்கிறது, உங்கள் பெயர், என் பெயர், பால்காரர் வரும் நேரம். நான் தடவத் தடவ ஒவ்வொரு புள்ளியும் சோப்பு மாதிரி கரைந்து, சுவர் வழவழவென்று ஆகிக்கொண்டே போகிறது. கையை எடுத்தால் மிச்சமாவது இருக்கும் என்று தெரிகிறது. கையை எடுக்க முடியவில்லை.

இதற்குப் பதில் வேண்டாம்.

பிழைதிருத்தி


ஆகஸ்ட் 4

என் பிழைதிருத்திக்கு,

பதில் வேண்டாம் என்றாய். ஆனாலும் எழுதுகிறேன். யாரிடமும் கொடுக்காதே. பழைய காற்றழுத்த வரைபடத் தாள், மேசை அளவுக்குப் பெரியது. ரப்பர் விரிப்பின் மேல் போட்டு, முனை மழுங்கிய ஆணியால் குத்தியிருக்கிறேன். புள்ளி ஒவ்வொன்றும் பயறு அளவு. உள்ளங்கையால் முயன்று பார்.

நான் எழுதியது தப்பு. உன் விரல் நோவதை என் சௌகரியமாகப் பார்த்துவிட்டேன்.

கட்டைவிரலைப் பார்த்தேன். மரு இல்லை. எப்போது போனது என்று தெரியவில்லை. சொல்லிக்கொள்ளாமல் போயிருக்கிறது.

உறைய வைப்பதோ சொட்டு விடுவதோ உன் இஷ்டம். மேலாளருக்காகச் செய்யாதே. எனக்காகவும் செய்யாதே.

தாள் தீர்ந்துவிட்டது. மேகம் உள்ளே வருகிறது.

நான்


ஆகஸ்ட் 19

மழை அளப்பவருக்கு,

தபால்காரர் உங்கள் கடிதத்தைப் பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு மாடி ஏறி வந்தார். வரைபடமா அம்மா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

உள்ளங்கையால் முடியவில்லை. அது ஒரு மந்தமான பிராணி. சூடா குளிரா என்று சொல்லும், அதற்கு மேல் படிப்பு ஏறாது. வலது கை விரல்கள் ஒவ்வொன்றாக முயன்றேன். தடவும்போது இருக்கிறது, அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் முந்தையது மறந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தெருவில் யாரும் இல்லை. மின்விசிறியின் காற்று தாளைத் தூக்கித் தூக்கிப் போட, அதைப் பிடிக்கக் குனிந்தேன். அப்போது ஒரு எழுத்து என் கீழுதட்டில் பட்டது.

பட்டதும் தெரிந்துவிட்டது. 'ந'.

கதவைத் தாழிட்டுவிட்டு வந்தேன். தாளைத் தரையில் விரித்து, முழங்கையை ஊன்றி, உதட்டால் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். யாராவது பார்த்திருந்தால் தண்ணீர் குடிக்கும் மான் என்று நினைத்திருப்பார்கள். தாளில் புகை வாசனை, ஈர வாசனை. 'தப்பு' என்ற சொல்லில் நீங்கள் ஆணியை அழுத்தியதில் தாள் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலையும் படித்தேன். முடிந்தபோது வெளிச்சம் இருக்கிறதா போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. தெருவில் சைக்கிள்கள் திரும்பிக்கொண்டிருந்தன.

அப்புறம் தலையணைக்கு அடியில் இருந்ததையும் எடுத்தேன். சின்னப் புள்ளிகள், நாளுக்கு அரைப் பக்கம்தான் ஓடியது. ஒரு வாரமாக உங்கள் மேகத்துக்குள்தான் இருந்தேன். இங்கே நல்ல வெயில். ஆனால் தாள் அடுக்கும்போது போர்வை நனைந்திருப்பது போலவே ஒரு நினைப்பு. என் மௌனம் பெரியது என்று எழுதியிருக்கிறீர்கள். அது மௌனமே இல்லை, பாருங்கள். மிளகு அளவு தோல்.

சொட்டு மருந்தையே எடுத்துக்கொண்டேன். மேலாளரிடம் சொல்லிவிட்டேன். அறிவியல் புத்தகம் வேறொருவருக்குப் போய்விட்டது. என் நாற்காலியில் அவர் உட்காரும் சத்தம் கேட்டபோது தாள்களை இரண்டு தடவை தப்பாக அடுக்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் விரலைக் கிண்ணத்து வெந்நீரில் வைத்துக்கொண்டு வானொலி கேட்கிறேன். ஊறியதும் தனியாக வைத்த அரத்தால் மேல்தோலைத் தேய்க்கிறேன். அந்த அரம் வேறெதற்கும் ஆகாது. சுற்றியுள்ள நல்ல தோலில் வாஸ்லைன் தடவிவிட்டு, சொட்டு வைத்து, பிளாஸ்திரி. துண்டுகூட எனக்குத் தனி. கடிக்கக்கூடாது, பிய்க்கக்கூடாது. பிய்த்துப் பார்க்க எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா? ஒரு தடவை ஆசைப்பட்டு மருந்தை அதிகம் வைத்துப் புண்ணாகிவிட்டது. டாக்டர் சில நாள் நிறுத்தச் சொன்னார். இப்போது மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் வெங்காயத் தோல் மாதிரி ஏதோ கழன்று வருகிறது. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

கோபம் பாதி இருக்கிறது. பெரிய தாள் இருந்தால் இன்னும் எழுதுங்கள்.

பிழைதிருத்தி


செப்டம்பர் 12

என் பிழைதிருத்திக்கு,

வரைபடத் தாள் இனி கிடையாதாம். இருப்பதைக் கணக்குக் கேட்டு மேலே இருந்து கடிதம் வந்துவிட்டது. அதனால் சின்னப் புள்ளியிலேயே, கொஞ்சமாக எழுதுகிறேன். நாளுக்கு அரைப் பக்கம் என்றாயே, அந்த அளவு.

வா என்று இனி எழுதமாட்டேன். வரவேண்டாம் என்று அர்த்தமில்லை.

நேற்று சாயங்காலம் மேகம் அறைக்குள் வந்து விளக்கையே மூடிவிட்டது. சும்மா இருப்பானேன் என்று உன் கடிதத்தை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் படிக்கப் பார்த்தேன். இத்தனை வருஷமாக உன் எழுத்தைக் கண்ணால் திருடித்தான் படித்திருக்கிறேன். மேடு தெரிகிறது, பள்ளம் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. கூரையில் மழை, விரலுக்கடியில் நீ, இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. ரொம்ப நேரத்துக்குப் பிறகு ஒரு சொல் கிடைத்தது. 'தாள்'. சந்தோஷமாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன். 'நாள்' என்று இருந்தது.

ஒரு சொல்லுக்கு இந்தப் பாடு. நீ அங்கே ஒரு நாளில் ஒரு புத்தகத்தையே கடந்துவிடுகிறவள். அதை விட்டுவிட்டு வா என்று கேட்டவன் நான். கேட்பதற்கு முன் ஒரு பக்கமாவது தடவிப் பார்த்திருக்க வேண்டும்.

குதிரைக்காரர் உன் விரலை விசாரித்தார். முடி திரும்பி வந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

நான்


அக்டோபர் 28

மழை அளப்பவருக்கு,

இன்று டாக்டரிடம் போனேன். லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். கறுப்புப் புள்ளிகள் இல்லை. நல்ல தோலின் கோடுகள் மருவைச் சுற்றிக்கொண்டுதான் போகுமாம், மருவின் மேல் ஏறாதாம். அது போன பிறகுதான் குறுக்கே ஓடுமாம். "ரேகை திரும்பி வந்திருச்சும்மா" என்றார். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. அடுத்த நோயாளியைக் கூப்பிட்ட பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் வரலாம், சொரசொரப்பு தெரிந்தால் உடனே வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

நேராக அச்சகத்துக்குப் போனேன். செய்தி வாசிப்பாளர் ஒரு தாளை என் கையில் வைத்தார். மூன்றாம் வகுப்புப் பாட்டுப் புத்தகம். புதுத்தோல் என்பதால் புள்ளிகள் முள் மாதிரி குத்தின. எழுத்துக்கு எழுத்து மூச்சு வாங்கியது. முதல் வரியில் ஒரு கிளி வந்தது. அது கிளிதானா என்று திரும்பப் போய்ப் பார்த்தேன், கிளிதான். நாலாவது வரியில் 'மரம்' என்பதற்குப் பதில் 'மறம்' என்று இருந்தது. எனக்கு முன்னால் ஒருவர் பார்த்துச் சரி என்று விட்ட தாள் அது. நான் பிழையைச் சொன்னதும் பக்கத்து மேசையிலிருந்து, எழுத்து எழுத்தாக, அது நாட்டு மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. நாற்காலிகள் நகர்ந்தன. இந்தத் தடவை கிட்டே.

வேகம் முன்போல் இல்லை. பாதிகூட இல்லை. வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

மேலாளரிடம் போய் ஒன்று கேட்டேன். வேகம் திரும்பும்வரை எனக்கு நெருக்கடியில்லாத புத்தகம் ஒன்றைக் கொடுங்கள், கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்றேன். பிழை பார்க்க இரண்டு பேர் வேண்டுமே என்றார் அவர். ஒருவர் அச்சுப் பிரதியைச் சத்தமாக வாசிக்க வேண்டும், இன்னொருவர் தடவிச் சரிபார்க்க வேண்டும். வெளியே யார் உங்களுக்கு வாசிப்பார்கள் என்று கேட்டார். ஒருவர் இருக்கிறார், மலையில் சும்மா மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றேன். ஒரு மாதத்துக்குச் சரி என்றார். புவியியல் புத்தகம். கனமான மூட்டை, குதிரைக்காரரிடம் சொல்லி வையுங்கள்.

விரல் சும்மா இருக்கிறது என்று நான் வரவில்லை. வேலையை எடுத்துக்கொண்டுதான் வருகிறேன். மாதம் முடிந்ததும் திரும்பிவிடுவேன். அடுத்த புத்தகம் எப்படி என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். கோபத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதையும் அங்கேயே வந்து தீர்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் வாசிக்கும்போது ஒரு குறியைக்கூட விடக்கூடாது. எங்கள் வேலையில் அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இப்போதே பழகிக்கொள்ளுங்கள். இப்படி:

சனிக்கிழமை வண்டியில் காற்புள்ளி முதுகில் மூட்டையோடு காற்புள்ளி வருகிறேன் முற்றுப்புள்ளி